175/65 ஆர் 15: ஒரு டயர் இலக்கத்தின் வரலாறு

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் பேர்மிங்ஹாமில் இருக்கும் சாச்சாவின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். காரின் கதவோரத் தூண், அதில் ஒரு சிறிய ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் மூன்று வரிகள்.

175/65 ஆர் 15
195/55 ஆர் 16
205/45 ஆர் 17

அதற்குக் கீழே அவனுடைய கேள்வி:

"நானா, பழைய மினி கூப்பர் ஒண்டு எடுத்தேன். 2010 மாடல். நாலு டயரும் தேஞ்சி போயிட்டு. முந்தி வெச்சிருந்தவர் 17 போட்டிருக்கார், பார்க்க நல்ல வடிவு. கடைக்காரர் வெயில், மழை, பனி எல்லாத்துக்கும் சேர்த்து ஓல் சீசன் டயர் போடச் சொல்றார். ஆனா சைஸை நீங்களே முடிவு பண்ணுங்க என்றார். மூணும் சரி என்றா, எதைப் போடுற?"

நான் டயர் கடை நடத்துபவன் அல்ல. பாடசாலையில் வரலாறு படிப்பிப்பவன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அவனுக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. வீட்டில் இருப்பது அந்த ஒரு கார்தான். டிசம்பர், ஜனவரியில் அங்கே பாதை எப்படி இருக்கும் என்று அவன் அனுப்பும் வீடியோக்களில் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அவன் குடியிருக்கும் நகரமும் அவன் வாங்கிய காரும் டயர் வரலாற்றில் ஒரே பக்கத்தில் வருபவை. முதல் மினி கார்களில் பெரும் பகுதி ஓடி வெளியே வந்தது பேர்மிங்ஹாமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து. அதே நகரத்தின் இன்னொரு மூலையில் இருந்தது டன்லொப் கம்பனியின் பெரிய டயர் தொழிற்சாலை, போர்ட் டன்லொப். அந்தக் கட்டடம் இன்றும் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறது. உள்ளே அலுவலகங்களும் ஹோட்டலும் வந்துவிட்டன. தம்பி வேலைக்குப் போகும் வழியில் அதைத் தாண்டித்தான் போகிறான். அது என்ன கட்டடம் என்று அவனுக்குத் தெரியாது.

அவனுக்கு எழுதிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். வாகனம் வைத்திருக்கும் எல்லாருக்கும் உதவும்.

முதலில், அந்த எண்கள் என்ன சொல்கின்றன?

175 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது டயரின் பக்கச்சுவரின் உயரம். அது மில்லிமீற்றர் அல்ல, அகலத்தின் 65 வீதம். ஆர் என்பது ரேடியல் என்ற கட்டமைப்பு. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

ஒரே வரியில் மில்லிமீற்றர், வீதம், ஆங்கில எழுத்து, அங்குலம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒரு மாணவன் விடைத்தாளில் இப்படி அலகுகளைக் கலந்து எழுதினால் நான் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவேன். ஆனால் உலகம் முழுவதும் டயர் இப்படித்தான் விற்கப்படுகிறது. ஏன்? அந்த வரியை ஒருவர் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு காலமும் தன் பிரச்சினைக்குக் கண்ட தீர்வை அதில் சேர்த்துக்கொண்டே வந்தது.

மாட்டு வைத்தியரும் மூன்று சக்கர சைக்கிளும்

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், 1845இல். அப்போது அதைப் போட்டு ஓடுவதற்குக் காரும் இல்லை, சைக்கிளும் இல்லை. குதிரை வண்டிகள்தான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மறந்துபோனார்கள்.

1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜோன் பொய்ட் டன்லொப் என்ற மிருக வைத்தியர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்கு இறப்பர் குழாயில் காற்று நிரப்பிக் கட்டிக் கொடுத்தார். கரடுமுரடான பாதையில் பிள்ளை குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக. இந்த முறை உலகம் கவனித்தது, ஏனென்றால் சைக்கிள் வந்துவிட்டிருந்தது.

இங்கே நம் நாட்டையும் சொல்ல வேண்டும். டன்லொப் அந்தக் குழாயைக் கட்டுவதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, 1876இல், ஹென்ரி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசன் பகுதியிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அதில் பெரும் பகுதி, சுமார் 1,900 கன்றுகள், அதே வருடம் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் அவை நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர் தோட்டங்களின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. டயர் என்ற ஒன்று வரப்போகிறது என்று தெரியாமலே அதற்கான மரத்தை நம் மண்ணில் நட்டு வைத்திருந்தார்கள்.

மாவனல்லைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இறப்பர் மணம் புதிதல்ல. உம்மாவின் வாப்பாவுக்கு அரை ஏக்கர் இறப்பர் இருந்தது. சீட் காயப்போட்டிருக்கும் கொட்டிலுக்குள் நாங்கள் ஒளிந்து விளையாடுவோம். சட்டையில் ஒட்டுப்பால் பட்டால் உம்மாவிடம் அடி நிச்சயம். அந்தச் சீட் எங்கே போகிறது, என்னவாகிறது என்று அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை.

வெளி விட்டத்திலிருந்து ரிம்முக்கு

ஆரம்ப காலத்து கார் டயர்களில் எழுதியிருந்தது டயரின் வெளி விட்டமும் தடிப்பும்தான். அமெரிக்காவின் போர்ட் மொடல் டீ காரில் முன் டயர் 30 பெருக்கல் 3, பின் டயர் 30 பெருக்கல் 3½. எல்லாம் அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளி விட்டம் இரண்டுக்கும் 30தான். முன்னுக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்றாகக் கழித்தால் ரிம் 24 அங்குலம். பின்னுக்கு 23. ஆகவே ஒரே காரின் முன் டயரைப் பின்னுக்குப் போட முடியாது.

1920களில் அகலமான, காற்று அழுத்தம் குறைந்த டயர்கள் வந்தன. ஓடுவதற்கு மெத்தென்று இருந்தன. அவற்றோடு எழுதும் முறையும் மாறியது. முதலில் அகலம், பிறகு ரிம்மின் விட்டம். கடைக்காரருக்கு வேண்டியது அதுதானே, எந்த ரிம்முக்கு எந்த டயர் ஏறும் என்பது. ரிம் செய்யும் தொழிற்சாலைகள் அங்குலத்தில் அச்சுகளைச் செய்து வைத்துவிட்டதால் அங்குலம் நிலைத்துவிட்டது. பிறகு ஐரோப்பாவில் டயரின் அகலம் மில்லிமீற்றருக்கு மாறியது, ரிம் மட்டும் அங்குலத்திலேயே நின்றது.

மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 1970களில் பிரான்சின் மிஷெலின் கம்பனி ரிம்மையும் மில்லிமீற்றரில் செய்து டீஆர்எக்ஸ் என்ற டயரைக் கொண்டுவந்தது. 365, 390 என்று ரிம் அளவுகள். நல்ல டயர்தான். ஆனால் அந்த ரிம்முக்கு வேறு டயர் ஏறாது, அந்த டயர் வேறு ரிம்மில் ஏறாது. மற்றவர்கள் சேர்ந்து வரவில்லை, அது ஒதுங்கிப்போனது. பொது வழக்கத்தை உடைக்க நல்ல பொருள் மட்டும் போதாது என்பதற்கு என் மாணவர்களுக்குச் சொல்லும் உதாரணங்களில் இதுவும் ஒன்று.

சுயஸ் கால்வாயும் பத்து அங்குல டயரும்

இனி தம்பியின் காருக்கு வருவோம்.

1956இல் எகிப்தின் ஜனாதிபதி நாசர் சுயஸ் கால்வாயை அரசுடைமையாக்கினார். அதன் பின் நடந்த போர் நமக்குத் தெரியும். பிரித்தானியாவுக்கு எண்ணெய் வரும் வழி அடைபட்டது, அந்த வருடக் கடைசியில் அங்கே பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. 2022இல் கியூஆர் குறியீட்டோடு வரிசையில் நின்ற நமக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. பெரிய கார்களை விட்டுவிட்டு மக்கள் ஜேர்மனியிலிருந்து வந்த குட்டி குட்டி மூன்று சக்கரக் கார்களை வாங்கத் தொடங்கினார்கள்.

பிரிட்டிஷ் மோட்டார் கம்பனியின் தலைவர் லெனார்ட் லோர்ட், தன் பொறியியலாளர் அலெக் இசிகோனிஸிடம் சிறிய, ஆனால் ஒழுங்கான ஒரு காரைச் செய்யச் சொன்னார். இசிகோனிஸ் பிறந்தது 1906இல், அன்றைய உஸ்மானிய சாம்ராஜ்ஜியத்தின் ஸ்மிர்னா நகரில். இன்று அதன் பெயர் இஸ்மிர். முதலாம் உலகப் போரின் பின் நடந்த துருக்கி கிரேக்கப் போரின் முடிவில், 1922இல், குடும்பத்தோடு வெளியேறியவர்.

அவர் தனக்குத்தானே ஒரு விதி வைத்தார். கார் பத்து அடி நீளம்தான். அதில் ஐந்தில் நான்கு பங்கு ஆட்களுக்கும் சாமான்களுக்கும். மீதிக்குள் இயந்திரம் அடங்க வேண்டும். இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார், கியர் பெட்டியை அதற்குக் கீழே வைத்தார். அப்போதும் ஓர் இடைஞ்சல் இருந்தது. சக்கரம். சக்கரம் பெரிதானால் அதை மூடும் வளைவு காருக்குள் வந்து ஆட்களின் இடத்தைத் தின்னும். டன்லொப்பிடம் எட்டு அங்குலச் சக்கரம் கேட்டார். அவ்வளவு சிறிதாக முடியாது என்றார்கள். கடைசியில் பத்து அங்குலத்தில் உடன்பட்டார்கள். 1959 ஆகஸ்ட் 26ஆம் திகதி மினி வெளிவந்தபோது அதன் டயர் அளவு 5.20-10.

அந்தச் சின்னச் சக்கரம் இலவசமாக வரவில்லை. இன்றைய முறையில் 145/80 ஆர் 10 என்று எழுதப்படும் மினி டயரை எடுங்கள். 145இன் 80 வீதம் 116. மேலும் கீழும் இரண்டு தடவை, 232. ரிம் பத்து அங்குலம், அதாவது 254. கூட்டினால் 486 மில்லிமீற்றர் விட்டம். ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 655 தடவை சுற்ற வேண்டும். தம்பியின் 175/65 ஆர் 15 அதே தூரத்துக்கு 523 தடவை சுற்றினால் போதும். கூடுதலாகச் சுற்றினால் கூடுதல் சூடு, கூடுதல் தேய்மானம். அதோடு பத்து அங்குல ரிம்முக்குள் பெரிய பிரேக் வைக்கவும் இடமில்லை.

சின்னது சீறியது

ஜோன் கூப்பர் பந்தயக் கார் செய்பவர். இந்தச் சின்னக் கார் வளைவில் எப்படித் திரும்புகிறது என்று பார்த்து, இதற்குக் கொஞ்சம் பலம் கொடுத்தால் என்ன என்று கேட்டார். 1961இல் மினி கூப்பர் வந்தது. வேகம் கூடினால் பிரேக் வேண்டுமே. பத்து அங்குல ரிம்முக்குள் ஏழு அங்குல டிஸ்க் பிரேக்கைப் புகுத்தினார்கள். 1963இல் இன்னும் பலமான கூப்பர் எஸ்.

1964 ஜனவரியில் பெடி ஹொப்கிர்க் அந்தக் காரில் மொன்டே கார்லோ ராலியை வென்றார். ஐரோப்பாவின் குளிர்காலத்தில், பனியும் பனிக்கட்டியும் மூடிய மலைப்பாதைகளில் நடக்கும் போட்டி அது. எதிரே பெரிய இயந்திரம் பூட்டிய கார்கள். 1965இலும் 1967இலும் மினியே வென்றது. 1966இல் முன் விளக்குகள் விதிப்படி இல்லை என்று சொல்லித் தகுதி நீக்கினார்கள், அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது.

அகலமான பெரிய டயரில்தான் பிடிப்பு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மலைப்பனியில் பெரிய கார்களை முந்திய அந்தக் காரின் ரிம் பத்து அங்குலம்.

ஆர் என்ற ஓர் எழுத்து

டயருக்குள் நூல்கள் இருக்கின்றன. பழைய டயர்களில் அவை ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகச் சாய்ந்து, பாய் பின்னல் போல ஓடின. பக்கச்சுவர் வளைந்தால் நிலத்தைத் தொடும் பகுதியும் சேர்ந்து நெளியும். மிஷெலின் 1946இல் காப்புரிமை பெற்ற முறையில் நூல்கள் ஓர் ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு நேராக ஓடின. நிலத்தைத் தொடும் பகுதிக்குக் கீழே தனியாக உருக்குக் கம்பிப் பட்டி. இப்போது பக்கச்சுவர் தன் பாட்டில் வளையும், கீழ்ப்பகுதி தட்டையாக நிலத்தைப் பிடித்திருக்கும். இதுதான் ரேடியல். கூடுதல் பிடிப்பு, கூடுதல் ஆயுள், எரிபொருளும் மிச்சம்.

ரேடியல் வந்த பின்புதான் பக்கச்சுவரைக் குட்டையாக்கும் துணிவு வந்தது. முன்பு அகலத்தின் 80 வீதத்துக்கு மேல் இருந்த உயரம் 70 ஆனது, 60 ஆனது. அதனால்தான் டயரில் நடு எண்ணை எழுத வேண்டிய தேவையும் வந்தது.

1984இல் மினி பன்னிரண்டு அங்குலச் சக்கரத்துக்கு மாறியது. டயர் 145/70 ஆர் 12. காரணம் அழகு மட்டுமல்ல. எல்லா மினிக்கும் முன்பக்கம் பெரிய டிஸ்க் பிரேக் வைக்க இடம் கிடைத்தது. பழைய மினி 2000இல் நின்றது, ஐம்பது இலட்சத்துக்கும் மேல் செய்த பிறகு. 2001இல் பீஎம்டபிள்யூ புதிய மினியைக் கொண்டுவந்தது. அது பெரிய கார், பாரமான கார். அதில்தான் 15, 16, 17 என்ற இந்த மூன்று அளவுகள் வந்தன.

மூன்று அளவு, ஒரே உயரம்

இப்போது அந்த ஸ்டிக்கரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

175/65 ஆர் 15: விட்டம் 608 மில்லிமீற்றர்.
195/55 ஆர் 16: விட்டம் 621.
205/45 ஆர் 17: விட்டம் 616.

ரிம் இரண்டு அங்குலம் வளர்ந்தும் டயரின் மொத்த உயரம் பெரிதாக மாறவில்லை. ரிம் வளர வளரப் பக்கச்சுவர் குறைகிறது. 15இல் 114 மில்லிமீற்றர் சுவர், 17இல் 92. இறப்பரின் இடத்தை அலுமினியம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மொத்த உயரம் மாறினால் வேகமானி பிழையாகக் காட்டும், டயர் வளைவில் உரசும், பிரேக் கணக்குகள் குழம்பும். அதனால்தான் கம்பனி மூன்றையும் ஒரே உயரத்துக்குக் கிட்ட வைத்து, மூன்றுக்கும் சம்மதம் சொல்கிறது.

இது தெரியாமல் சிலர் முதல் எண்ணை மட்டும் மாற்றுவார்கள். 175/65க்குப் பதிலாக 195/65 ஆர் 15. அகலம்தானே கூடுகிறது என்று நினைப்பார்கள். ஆனால் 65 என்பது வீதம். அகலம் கூடினால் உயரமும் கூடும். விட்டம் 634 ஆகிவிடும், நான்கு வீதத்துக்கு மேல் கூடுதல். வேகமானி 100 காட்டும்போது கார் 104இல் ஓடும். வீதக் கணக்கு வாழ்க்கையில் எங்கே உதவும் என்று கேட்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

நாலு பருவமும் ஒரு டயரும்

குளிர் நாடுகளின் பிரச்சினை பனி மட்டுமல்ல. சாதாரண டயரின் இறப்பர் சுமார் 7 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் இறுகத் தொடங்கும். பாதை காய்ந்திருந்தாலும் பிடிப்புக் குறையும். குளிருக்கென்று செய்யும் டயரின் இறப்பர் குளிரிலும் மெதுவாக இருக்கும், ஆனால் கோடையில் அதிகம் மென்மையாகிச் சீக்கிரம் தேயும்.

பின்லாந்துக்காரர்கள் 1934இல் லொறிகளுக்காகக் குளிர்கால டயர் செய்தார்கள், இரண்டு வருடம் கழித்துக் கார்களுக்கும். அதன் பின் குளிர் நாடுகளில் வருடத்துக்கு இரண்டு தடவை டயர் மாற்றுவது வழக்கமானது. வசதியுள்ளவனுக்கு அது பரவாயில்லை. இரண்டு சோடி டயர் வாங்க வேண்டும், மாற்றக் கூலி கொடுக்க வேண்டும், கழற்றியதை வைக்க இடம் வேண்டும். தம்பியைப் போல மாடிவீட்டில் வாடகைக்கு இருப்பவன் நாலு டயரை எங்கே வைப்பான்?

இந்தச் சாதாரண மனிதனின் தொல்லைக்குத்தான் 1977இல் அமெரிக்காவின் குட்இயர் கம்பனி டியம்போ என்ற டயரைக் கொண்டுவந்தது. ஓல் சீசன் என்ற பெயரில் வந்த முதல் ரேடியல் டயர் அது. வருடம் முழுவதும் ஒரே டயர்.

ஆனால் பெயர் வந்த அளவுக்குப் பலன் எல்லாவற்றிலும் வரவில்லை. டயரில் எம்+எஸ் என்று போட்டுக்கொள்வார்கள், சேறும் பனியும் என்று பொருள். அதைக் கம்பனியே தன் பாட்டில் போட்டுக்கொள்ளலாம், சோதனை தேவையில்லை. அதனால் 1999இல் வட அமெரிக்காவில் புதிய அடையாளம் கொண்டுவந்தார்கள். மூன்று சிகரமுள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனித்துகள். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை. ஜேர்மனியில் 2024 ஒக்டோபர் முதல் குளிர்காலப் பாதைக்கு எம்+எஸ் மட்டும் செல்லாது, மலை முத்திரை இருக்க வேண்டும். பிரித்தானியாவில் அப்படிச் சட்டம் இல்லை. வாங்குபவன்தான் பார்த்து வாங்க வேண்டும்.

தம்பிக்குச் சொன்ன பதில்

இவ்வளவையும் வைத்துத்தான் அவனுக்கு எழுதினேன்.

"மூன்றும் சரி என்பது உண்மை. மூன்றும் ஒரே வேலைக்கு அல்ல. 17 என்பது காய்ந்த பாதையில் கூர்மையாகத் திரும்புவதற்கு. அதில் குறை இல்லை. ஆனால் அதன் பக்கச்சுவர் குட்டை, குழியில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். அகலமான டயர் தேங்கிய தண்ணீரிலும் ஈரப்பனியிலும் மேலே மிதக்கப் பார்க்கும். ஒடுக்கமான டயர் வெட்டிக்கொண்டு கீழே போகும். உனக்கு இருப்பது பந்தயத் திடல் அல்ல, மழையும் குழியும் ஜனவரி மாதமும் பின் ஆசனத்தில் ஒரு பிள்ளையும். பாவித்த 15 அங்குல ரிம் நாலு தேடு. உன்னுடையது சாதாரண கூப்பர், கூப்பர் எஸ் அல்ல. அதனால் 15 உன் பிரேக்குக்கு மேலே ஏறும். 175/65 ஆர் 15, ஓல் சீசன், மலை முத்திரை உள்ளதா என்று கண்ணால் பார்த்து வாங்கு. சுமை எண் 84, வேக எழுத்து எச், அதற்குக் குறையாமல். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். நாலையும் ஒன்றாக மாற்று. முன்னுக்கு ஒரு மாதிரி, பின்னுக்கு ஒரு மாதிரி வேண்டாம்."

அவன் உடனே கேட்டான். "நானா, 15 போட்டா கார் சின்னதாத் தெரியாதா?"

அதற்கு நான் என் கதையைச் சொன்னேன். அது அவனுக்கும் முழுதாகத் தெரியாது.

ஆசிரியர் கலாசாலையில் இரண்டாம் வருடம். பாவித்த மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன். பின் டயர் ஒடுக்கமாக இருக்கிறது, ஆண்பிள்ளைத்தனமாக இல்லை என்று, கம்பனி சொன்ன அளவைவிட இரண்டு அளவு பெரிய டயர் போட்டேன். கடைக்காரர் வேண்டாம் என்றார். நான்தான் கேட்கவில்லை. ஒடுக்கமான ரிம்மில் அகலமான டயரைப் போட்டால் அது இரு பக்கமும் நசுங்கி, நடுப்பகுதி கூராக எழும்பும் என்று அன்று தெரியாது. பார்க்கப் பெரிதாக இருக்கும், நிலத்தைச் சரியாகத் தொடாது. ஐப்பசி மழையில் கடுகண்ணாவை இறக்கத்தில், வளைவில், பின் சக்கரம் வழுக்கியது. எனக்கு முழங்காலில் தையல். பின்னால் இருந்த நண்பனுக்கு வலது கை முறிந்தது. அவன் அந்த வருடம் இறுதிப் பரீட்சையை இடது கையால் எழுதினான். இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பாரம்.

இனி நமக்கு

நம் ஊரில் பனி இல்லை. எனவே ஓல் சீசன் டயருக்கு நாம் அலையத் தேவையில்லை. நமக்கு வேண்டியது மழையில் பிடிக்கும், பள்ளம் ஆழமான, வயது குறைந்த டயர். ஆனால் அளவு பற்றிய பாடம் அங்கும் இங்கும் ஒன்றுதான்.

இன்று உங்கள் வாகனத்தின் சாரதி பக்கக் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் பாருங்கள். பிறகு குனிந்து டயரைப் பாருங்கள். இரண்டும் ஒன்றா? பக்கத்தில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. தேயவில்லை என்பதற்காகப் பழைய டயரை நம்பாதீர்கள். வெயிலில் நிற்கும் இறப்பர் ஓடாமலே கிழடு தட்டும். பாவித்த டயர் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த நான்கு இலக்கம். பாடசாலை வேன் ஓட்டும் சகோதரர்களிடம் இதைத் தனியாகவே கேட்டுக்கொள்கிறேன். ஒரு டயர் நிலத்தைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். நம் பிள்ளைகள் அந்த நான்கு உள்ளங்கைகளின் மேல்தான் காலையில் பாடசாலைக்கு வருகிறார்கள்.

ஓட்டப் பழகும் தம்பிமாருக்கும் ஒன்று. அந்த எண்களில் எதுவும் அழகுக்காக வந்ததல்ல. குலுங்கும் ஒரு பிள்ளைக்காகக் காற்று வந்தது. பெற்றோல் இல்லாத நாட்டுக்காகப் பத்து அங்குலம் வந்தது. பிரேக்குக்காகப் பன்னிரண்டு வந்தது. உங்கள் தேவை என்ன என்று முதலில் கேளுங்கள், அளவை அதன் பிறகு எடுங்கள்.

முந்தநாள் தம்பி படம் அனுப்பினான். வீட்டு வாசலில் கார், 15 அங்குல ரிம், பக்கச்சுவரில் மலை முத்திரை. கீழே எழுதியிருந்தான்:

"கொஞ்சம் சின்னதாத்தான் தெரியுது நானா. ஆனா முந்தி மாதிரி குழியில அடிக்கல்ல. புள்ள வழி நெடுக தூங்குது."